நான் செத்துப்போன பேச்சுப் போட்டி

என் சாவுச் செய்தியை நான் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டேன். சொன்னது வேறு யாருமல்ல, நான் பெற்ற மகள். மேடையில் ஏறி, மைக்குக்கு முன்னால் நின்று, அழகான தமிழில் சொன்னாள். அதற்கு முதல் பரிசும் கொடுத்தார்கள்.

இதைச் சொன்னால் சிரிக்கிறவர்கள் உண்டு. என் வீட்டுக்காரரே முதலில் சிரித்தார். சிரிக்கட்டும். அங்கே உட்கார்ந்திருந்தது நான்தானே.

நாங்கள் குருபோங் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். அவர் லோரி ஓட்டுகிறார். எனக்கு அங்கேயே ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை, பெரும்பாலும் நைட் ஷிப்ட். ஒரே மகள், நான்காம் ஆண்டு படிக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகையில் இன்னும் பழைய ரப்பர் தோட்டத்தின் பெயர்தான் இருக்கிறது. தோட்டம் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. சுற்றிலும் வரிசை வீடுகள், கார்கள், ஒரு கார் கழுவும் கடை. பால்மரம் எப்படி இருக்கும் என்று என் மகளைக் கேட்டால் திருதிருவென்று முழிப்பாள்.

அவளுடைய டீச்சரைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் தப்பாக நினைக்கக் கூடாது. நல்ல பெண். முப்பது வயதுகூட இருக்காது. மஸ்ஜித் தானாவிலிருந்து தினமும் காரில் வந்து போகிறார். வகுப்பில் பெரிய டிவி ஒன்று வைத்து, கணக்கை விளையாட்டாக்கி, பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொல்ல வைப்பார். கணக்கு என்றாலே வயிற்றுவலி வருகிற என் மகள், அந்த டிவி வந்த பிறகு காலையில் எனக்கு முன்னால் ஷூ மாட்டிக்கொண்டு நிற்கிறாள். வீட்டுப்பாடம், பரீட்சைத் தேதி, காய்ச்சல் வந்தால் விசாரிப்பு, எல்லாம் போனில் வந்துவிடும். எங்கள் காலம்தான் பொற்காலம் என்று பேசுகிற ஆள் நான் இல்லை. அந்தக் காலத்துப் பிரம்படியில் கை வீங்கியது எனக்குத்தான் தெரியும். மெஷின்மேலும் எனக்குக் கோபமில்லை. ராத்திரி முழுக்க அதோடுதான் குடித்தனம் நடத்துகிறேன்.

ஒரு நாள் டீச்சரிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"அக்கா, பாப்பாவ பேச்சுப் போட்டிக்கு எடுத்திருக்கேன். தலைப்பு 'என் தாய்'. ஆனா வீட்டுல கேக்காதீங்க லா, உங்களுக்கு சர்ப்ரைஸ்!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மகள் என்னைப் பற்றி மேடையில் பேசப் போகிறாள்! தொழிற்சாலையில் என் வரிசையில் நிற்கிற எல்லாரிடமும் சொன்னேன். பக்கத்து மெஷினில் வேலை செய்யும் மலாய்க்கார அக்காவிடம்கூடச் சொன்னேன். பாச்சாங்கில் ஒரு துணிக்கடைக்குப் போய் மகளுக்கு மயில் பச்சையில் பாவாடை சட்டை எடுத்தேன். அதற்குப் பொருத்தமாக எனக்கும் ஒரு சேலை எடுத்துக்கொண்டேன். தலைப்பே நான்தான் என்கிறபோது பழைய சேலையில் போய் நிற்க முடியுமா?

எங்கள் தமிழ்ப்பள்ளிகளில் பேச்சுப் போட்டி என்றால், பிள்ளை பேசும் என்று அர்த்தமில்லை. டீச்சர் எழுதுவார், பிள்ளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும். கையை எங்கே தூக்க வேண்டும், கண்ணை எங்கே உருட்ட வேண்டும் என்பதும் டீச்சர் சொல்வதுதான். ஒரு எழுத்தை மாற்றக் கூடாது. நானும் சின்ன வயதில் அப்படி மேடையேறியிருக்கிறேன். டாக்டராகி ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்ப்பேன் என்று நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். ஊசியைக் கண்டால் ஓடி ஒளிகிறவள் நான். நீ என்ன ஆகப் போகிறாய் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. அப்புறம் இன்னொன்று, அழ வைக்கிற பேச்சுக்குத்தான் பரிசு. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

போட்டியன்று காலை வேலை முடிந்து வந்து, குளித்து, புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு, தூங்காமலே காரை எடுத்தேன். அவர் லோரியோடு ஜொகூர் போயிருந்தார். மண்டபத்தில் மாவட்டத்துப் பள்ளிகள் எல்லாம் வந்திருந்தன. முன்வரிசையெல்லாம் நிரம்பிவிட்டதால் பின்வரிசையில் இடம் பிடித்தேன். மகளைப் படம் பிடிக்கப் போனைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். வந்து நின்றாள். என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

"நீதி வழுவா நீதிபதிகளே, மணிக்காப்பாளர்களே, அவையோரே, அனைவருக்கும் என் முத்தான முதல் வணக்கம்!"

கணீரென்ற குரல். பக்கத்திலிருந்த அம்மாளிடம், "என் மகதான்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் தொடங்கிவிட்டாள்.

"விடியும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் நுழைவாள் என் தாய்."

பால்மரமா? நானா? சரி, போட்டி என்றால் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து, கிழிந்த சேலை கட்டினேன். அதற்கடுத்து, நான் பட்டினி கிடந்து பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றினேன். நான் என் புதுச் சேலையைக் குனிந்து பார்த்தேன். பக்கத்திலிருந்த அம்மாள் கைக்குட்டையை எடுத்தார்.

"அன்றொரு நாள், அடைமழை. காட்டுக்குள் சென்ற என் தாயைக் கருநாகம் ஒன்று தீண்டியது!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த போன் மடியில் விழுந்தது.

"என் மடியில் தலைசாய்த்தாள். 'மகளே, தமிழை மறவாதே' என்றாள். கண் மூடினாள். அந்தக் கண்கள் பிறகு திறக்கவே இல்லை."

அந்த இடத்தில் என் மகள் விம்மினாள். சின்னப் பிள்ளை விம்மல் இல்லை அது. வாழ்ந்து கெட்ட ஒரு பெரிய மனுஷி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு விம்முகிற மாதிரி இருந்தது. இந்த விம்மலை இவள் எங்கே கற்றாள்? எங்கள் வீட்டில் யாரும் இப்படி அழுததே இல்லையே!

பிறகு எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள்.

பக்கத்து அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு என் தோளைத் தொட்டார். "பாவம்லா இந்தப் பிள்ள. தாயில்லாத பிள்ளைன்னு மூஞ்சியிலயே தெரியுது பாருங்க."

நான் என்ன சொல்வேன்? ஆமாம் என்பதா, இல்லை என்பதா? வாயைத் திறந்தேன். வேலைத்தலத்தில் என் வாய்க்குச் சூப்பர்வைசரே பயப்படுவார். அந்த வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

பரிசளிப்பு முடிந்ததும் மகளைத் தேடி மேடைப் பக்கம் ஓடினேன். ஒரு கையில் கோப்பையும் இன்னொரு கையில் ஹேம்பர் கூடையும் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் டீச்சர், எதிரே நீதிபதிகளில் ஒருவர், வெள்ளை ஜிப்பா போட்ட பெரியவர். அவர் மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் என் மகள் ஹேம்பரைக் கீழே போட்டுவிட்டு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இவங்க யாரு?" என்று அந்தப் பெரியவர் கேட்டார்.

டீச்சர் முகம் வெளிறியது. என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"பிள்ளையோட சித்தி, ஐயா."

சித்தி! உயிரோடு நிற்கிற என்னை, பெற்றவளை, என் மகள் எதிரிலேயே சித்தியாக்கிவிட்டார்! அந்தப் பெரியவர் என்னை நோக்கிக் கும்பிட்டார். அவர் கண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

"நல்லா பாத்துக்குங்கம்மா. தாயில்லாத குறை தெரியாம வளத்திடுங்க. உங்களுக்குப் புண்ணியம்."

நானும் கும்பிட்டேன். ஏன் கும்பிட்டேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

காரில் ஏறிச் சாலைக்கு வந்தோம். பிறகு கேட்டேன். "யாருடி இத எழுதுனது?"

"டீச்சர் போனு மா."

"டீச்சர் எழுதி, போன்ல அனுப்புனாங்களா?"

"இல்ல. போனே சொல்லும். ஒரு ஆன்ட்டி குரல்ல. நான் கேட்டுக் கேட்டு அதே மாதிரி சொல்லணும். அழுவுற எடமும் அதுலயே வரும்."

காரை ஓரமாக நிறுத்தினேன். இல்லாத ஒரு பெண், இல்லாத தொண்டையில் விம்மி, அதை என் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். என் சாவுக்கு எப்படி அழ வேண்டும் என்று! முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. ஏர்கோன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "சரி, செத்தவ எனக்கு கடையில மீ கோரேங் பொட்டலம் தாப்பாவ் பண்ணி வை, ராத்திரி வந்துர்றேன்" என்றார். சித்தி கதையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "அந்த டீச்சரப் போய்ப் பாரு" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை வேலை முடிந்த கையோடு போனால் கத்திவிடுவேன் என்று பயந்து, கொஞ்சம் படுத்து எழுந்து, பள்ளி விடுகிற நேரத்துக்குப் போனேன். வகுப்பில் டீச்சரும் என் மகளும் மட்டும் இருந்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அக்கா, கோவமா இருப்பீங்கன்னு தெரியும். அந்த ஜட்ஜ் கேட்டதும் எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அலாமா, வாயில வந்தத சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

"அத விடுங்க. நான் சாகணும்னு நீங்க கேட்டீங்களா?"

"ஐயோ, இல்லக்கா! தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி மாணவி, தாயப் பத்தின பேச்சு, நீதிபதி கண்ணுல தண்ணி வரணும், இவ்வளவுதான் ஏஐகிட்ட போட்டேன். சாகடிச்சது அதுதான்."

"வந்தத நீங்க படிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்து?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "நல்லா இருந்துச்சுக்கா."

அந்தப் பதிலில் பொய்யில்லை. அதனாலேயே என்னால் மேற்கொண்டு கத்த முடியவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து மளமளவென்று கொட்டினார். முன்பெல்லாம் அவரேதான் எழுதினாராம். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதியும் எங்கள் பள்ளி ஒருமுறைகூட ஜெயிக்கவில்லையாம். இப்போது எல்லாப் பள்ளியும் இப்படித்தான் செய்கிறதாம். பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிற பள்ளி, ஒரு கோப்பை கிடைத்தால் அடுத்த வருஷம் முதலாம் ஆண்டுக்கு நாலு பிள்ளை கூட வரும் என்று தலைமையாசிரியர் நம்புகிறாராம். பாடம் நடத்துகிற நேரத்தைவிட இணையத்தில் தகவல் ஏற்றுகிற நேரம்தான் அதிகமாம்.

"நான் டீச்சரா, டைப்பிஸ்டான்னு எனக்கே தெரியலக்கா" என்றார். கண் கலங்கியிருந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் செத்தது நான் அல்லவா?

"பாப்பா ஸ்டேட் போட்டிக்குப் போகணும்" என்றார் பிறகு, தயங்கித் தயங்கி.

"போகட்டும். என்னை உயிரோட வச்சுப் பேசட்டும்."

உடனே அவர் முகம் மலர்ந்தது. என் எதிரிலேயே போனை எடுத்தார். தாய் உயிரோடு இருக்கிறார், குருபோங்கில் தொழிற்சாலை வேலை, நைட் ஷிப்ட், மற்றதெல்லாம் அதேபோல என்று தட்டினார். இரண்டு மூச்சு விடுவதற்குள் அந்த ஆன்ட்டி குரல் பேசத் தொடங்கியது. குரலில் அதே குழைவு. இந்தமுறை நான் சாகவில்லை. மெஷின் என் வலது கையை எடுத்துக்கொண்டது. இடது கையால் என் மகளுக்குத் தலை வாரிவிட்டேன். அங்கே ஒரு விம்மல்.

நான் என் வலது கையை முழங்கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். யாராவது பார்த்தால் பைத்தியம் என்றிருப்பார்கள்.

டீச்சர் பதறிப்போய், விபத்து வேண்டாம், நோய் வேண்டாம் என்று மறுபடி தட்டினார். மூன்றாவது முறை எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் மெழுகுவர்த்தி ஆனேன், ஏணி ஆனேன், ஆலமரம் ஆனேன். டீச்சர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"இது பரிசு வாங்காதுக்கா" என்றார் மெதுவாக.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னைப் பத்திப் பேசணும்னா அந்தப் போன்கிட்ட ஏன் கேக்கிறீங்க? அதுவா என் வயித்துல பொறந்துச்சு? இதோ குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காளே, இவகிட்ட கேளுங்க!"

என் மகள் முன்பெஞ்சில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"சொல்லு கண்ணு. அம்மாவப் பத்தி நீ என்ன சொல்லுவ?"

"நீங்க எழுதிக் குடுக்கறததானே டீச்சர் சொல்லணும்?"

"இல்லடா. இப்ப நீயே சொல்லு."

என்னைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். கையைத் தூக்கவில்லை, கண்ணை உருட்டவில்லை. பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள்.

"எங்கம்மா நைட் வேலைக்குப் போவாங்க. நான் ஸ்கூல் விட்டு வரும்போது தூங்கிக்கிட்டிருப்பாங்க. நான் சத்தம் போடாம ரூம் கதவத் தொறப்பேன். பயமா இருக்கும். கிட்டப் போயி, மூக்குக்கிட்ட கை வச்சுப் பாப்பேன். காத்து வரும். பொறவு போயி சோறு போட்டுச் சாப்புடுவேன்."

நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எப்பலேருந்துடி?" என்று கேட்டேன்.

"இந்தப் பேச்சு படிச்சதுலேருந்து. தினம் நீங்க செத்துட்டீங்கன்னு சொல்றேன்ல. நெசமாயிருமோன்னு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"டீச்சர் சர்ப்ரைஸ்னு சொன்னாங்க."

எத்தனை மத்தியானம்! நான் அடித்துப்போட்ட மாதிரி தூங்கியிருப்பேன். இந்தப் பிள்ளை யூனிபார்மோடு என் தலைமாட்டில் நின்று, நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டிருக்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியாது. மயில் பச்சையில் பாவாடை எடுத்தேன்.

டீச்சர் தேம்பித் தேம்பி அழுதார். நடிப்பில்லாத அழுகை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த அதே கை, மேசையில் கவிழ்ந்து கிடந்த போனை எடுத்தது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இத அப்படியே ஸ்டேட்ல சொன்னா, சத்தியமா நமக்குத்தான் முதல் பரிசு. மறந்துபோறதுக்குள்ள போட்டு வச்சுக்கிறேனே."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணில் இன்னும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, கட்டைவிரல் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தது. கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதுதான் என்னைக் கதிகலங்க வைத்தது.

"வேணாம் டீச்சர். என் மக பேச மாட்டா" என்றேன். மகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். மாநிலப் போட்டிக்கு இரண்டாம் பரிசு வாங்கிய பிள்ளை போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு மேடையில் என்ன ஆனதோ, நான் விசாரிக்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ரூமுக்குள் போகவில்லை. ஹாலிலேயே, டிவிக்கு எதிரே, பாயை விரித்துப் படுத்தேன். மகள் என் பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்தாள். "தூங்குங்க மா, ராத்திரி வேலை இருக்குல்ல" என்றாள். கண்ணை மூடிக்கொண்டேன். தூக்கம் எங்கே வரும்? கொஞ்ச நேரத்தில் தட்டைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ரசம் மணக்கிற சின்ன விரல்கள் என் மூக்குக்குக் கீழே வந்து நின்றன.

நான் அவளுக்குக் கேட்கும்படி பலமாக மூச்சு விட்டேன்.